நிற்பது தூறு, அறுத்தது கட்டு



இம்மாதச் சொல்லுக்குப் போகுமுன் என் தவறு ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆசிரியர் தவறு செய்யமாட்டார் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பெற்றோர்களிலும் பலர் அப்படித்தான். ஆனால் கையில் சிவப்பு மை இருப்பதால் மட்டும் ஒருவர் எழுதுவதெல்லாம் சரியாகிவிடாது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு தூறு செராய்.

சென்ற தவணையில் நடந்தது. எங்கள் பள்ளி, செம்பனைக்கு நடுவே நிற்கும் சிறு பள்ளி. நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் மலாய்ப் பாடம் முடித்து என் தமிழ்ப் பாடத்திற்கு வந்தார்கள். மலாயில் பொருள்களை எண்ணும்போது எண்ணுக்கும் பொருளுக்கும் நடுவே ஒரு சொல் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். பூனைக்கு 'எக்கோர்', பென்சிலுக்கு 'பாத்தாங்', வாழைப்பழத்துக்கு 'சிக்காட்', செராய்க்கு 'ரும்புன்'. இவற்றைப் பிள்ளைகள் தலைகீழாய் ஒப்பிப்பார்கள். சரி, இவற்றில் எவற்றுக்குத் தமிழிலும் ஒரு சொல் உண்டு, எழுதி வாருங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன்.

மறுநாள் நோட்டுகள் வந்தன. 'செசிக்காட் பீசாங்' என்பதற்கு 'ஒரு சீப்பு வாழைப்பழம்' என்று பலர் எழுதியிருந்தார்கள். மிகவும் மகிழ்ந்தேன். மலாயில் 'சிக்காட்' என்றாலும் தலைவாரும் சீப்புதான். வாழைப்பழத்தைப் பார்த்து இரண்டு இனத்தாருக்கும் ஒரே பொருள் நினைவுக்கு வந்திருக்கிறது பாருங்கள்!

அடுத்து 'செரும்புன் செராய்'. பெரும்பாலோர் 'ஒரு கட்டு செராய்' என்று எழுதியிருந்தார்கள். சரி போட்டேன். ஒரு பையன் மட்டும் 'ஒரு தூரு செராய்' என்று எழுதியிருந்தான். இது என்ன சொல்? தூரமா? கிணற்றில் வாரும் தூரா? ஒன்றும் விளங்கவில்லை. சிவப்பு மையால் அடித்துவிட்டு, மேலே 'கட்டு' என்று எழிலாக எழுதிக் கொடுத்தேன்.

மாலையில் பேரனை அழைத்துப்போக அவன் பாட்டி வந்தார். முப்பது வருடங்களுக்கு மேல் தோட்டத்தில் புல்வெட்டும் மருந்தடியும் செய்து ஓய்ந்தவர். நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். எனக்குப் படிப்பு இல்லை. ஆனா கட்டுன்னா அறுத்துக் கட்டினதுதானே? எங்க வீட்டுக்குப் பின்னால நிக்கிற செராயை இன்னும் அறுக்கலையே. அது எப்படிக் கட்டாகும்?"

"அப்படியானால் என்ன சொல்வீர்கள் பாட்டி?" என்று கேட்டேன்.

"தூறுதான். தூத்தைப் பிரிச்சுத்தானே பக்கத்து வீட்டுக்கும் நடக் குடுத்தேன்."

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல ஏதும் இல்லை. வீட்டுக்கு வந்து அகராதியை எடுத்தேன். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் 'தூறு' இருக்கிறது. புதர், செறிந்த சிறு செடி என்று பொருள். பையன் எழுத்தில் செய்த பிழை ஒன்றே ஒன்று: வல்லின 'று' வர வேண்டிய இடத்தில் இடையின 'ரு' போட்டிருந்தான். சொல் சரி. திருத்திய நான்தான் தவறு. மறுநாள் வகுப்பில் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் அவன் நோட்டை வாங்கி என் திருத்தத்தை அடித்து, 'தூறு' என்று எழுதிக் கொடுத்தேன். அன்று அவன் நிமிர்ந்து உட்கார்ந்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பாடப்புத்தகத்தில் விடுபட்ட சொல்

இந்தத் தவறு எனக்கு ஏன் வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். தமிழ்ப்பள்ளிகளில் தொகுதிப் பெயர்கள் என்று ஒரு பட்டியல் சொல்லிக்கொடுக்கிறோம். ஆட்டு மந்தை, எறும்புச் சாரை, வைக்கோற் போர், சாவிக் கொத்து, புல் கட்டு. நானும் இதே பட்டியலைப் படித்துத்தான் வந்தேன். பயிற்சிக் கல்லூரியிலும் இதையே எழுதித்தான் சான்றிதழ் வாங்கினேன்.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். புல் கட்டு, வைக்கோற் போர் இரண்டும் அறுத்த பிறகு வரும் பெயர்கள். புல் அரிவாளைச் சந்தித்த பின்னர்தான் அதற்குப் பட்டியலில் இடம் கிடைக்கிறது. மண்ணில் வேரோடு, உயிரோடு, பத்துத் தாளும் இருபது தாளும் ஒன்றாய் நிற்கும் புல்லுக்கு அங்கே பெயர் இல்லை. சந்தைக்குப் போகிறவருக்கு கட்டு என்ற சொல் போதும். புல்லுக்கு நடுவே குனிந்து வேலை செய்தவருக்குத்தான் மற்றச் சொற்கள் தேவைப்பட்டன. ஆகவே அவை அவர்கள் வாயில் இருந்தன. நம் பட்டியலில் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தச் சொல்லை நான் சிறு வயதில் கேட்டிருக்கிறேன்! "தூத்துல கையை விடாதே, பாம்பு கிடக்கும்" என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். அந்தத் 'தூத்து' எந்தச் சொல்லிலிருந்து வருகிறது என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. இலக்கணம் எளியதுதான். ஆறு என்பது ஆற்றில் என்றாகும், பேச்சில் 'ஆத்துல'. சோறு என்பது சோற்றை என்றாகும், பேச்சில் 'சோத்தை'. அதே வழியில் தூறு என்பது தூற்றில், தூற்றை என்றாகும். பேச்சில் 'தூத்துல', 'தூத்தை'. பாட்டி பேசியது கொச்சை என்று தோன்றலாம். அதற்குள்ளே இலக்கணம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது.

ஐந்து சொற்கள், ஐந்து பொருள்கள்

இனி, நிற்கும் புல்லுக்கு நம்மிடம் உள்ள சொற்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இவை ஒன்றுக்கொன்று நெருங்கியவை, ஆனால் ஒன்றல்ல.

தூறு: ஒரே அடியிலிருந்து நெருக்கமாகக் கிளம்பி நிற்கும் கூட்டம். செராய்த் தூறு, மூங்கில் தூறு என்போம். பெரியதானாலும் சிறியதானாலும் அடி ஒன்றாக இருக்க வேண்டும்.

தூர்: இது அந்தக் கூட்டத்தின் அடிப்பகுதி. வேரும் தண்டும் சேரும் இடம். "நுனியை வெட்டாதே, தூரோடு பிடுங்கு" என்று கங்காணி சொல்வது இதைத்தான். கிணற்றின் அடியில் தங்கும் சேற்றையும் தூர் என்கிறோம். அதனால்தான் 'தூர் வாருதல்'. இரண்டு இடத்திலும் அடியில் கிடப்பதே தூர் என்று நினைவில் வைத்தால் குழப்பம் வராது. அடிக்கு இடையின 'ர்'. கூட்டத்துக்கு வல்லின 'று'.

குத்து: ஒரே இடத்தில் குத்தி நட்டது. வயலில் இரண்டு மூன்று நாற்றை ஒன்றாகப் பிடித்துச் சேற்றில் ஊன்றுகிறார்களே, அது ஒரு குத்து. கைப்பிடி அளவையும் குத்து என்பார்கள். ஒரு குத்து அரிசி என்று உங்கள் பாட்டி சொல்லியிருக்கலாம்.

பத்தை: அங்கங்கே திட்டுத்திட்டாகப் பற்றிக்கொண்டு நிற்பது. 'லாலாங் பத்தை' என்று காட்டில் சொல்வார்கள். இலங்கைத் தமிழர் இதைப் 'பற்றை' என்று எழுதுகிறார்கள். பற்றைக் காடு என்பது அங்கே அன்றாடச் சொல். தேங்காய்ப் பத்தை என்னும்போது பொருள் வேறு. அது கீறி எடுத்த துண்டு.

புதர்: செடியும் கொடியும் முள்ளும் பின்னிக் கிடப்பது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. புல் மட்டும் நிற்கும் இடத்தைப் புதர் என்று சொல்வதைவிடத் தூறு என்பதே பொருத்தம்.

இந்தச் சொற்கள் எல்லாம் எங்கே பிறந்தன? பெரும்பாலும் நெல் வயலில். நம் முன்னோர் கித்தாக் காட்டுக்கு வந்தவர்கள். ஆனால் வயலை மனத்தில் சுமந்துகொண்டு வந்தவர்கள். நெல் ஒன்றே தன் வாழ்நாளில் எத்தனை பெயர் பெறுகிறது பாருங்கள். நாற்றங்காலில் அது நாற்று. பிடுங்கிக் கட்டினால் முடி. வயலில் ஊன்றினால் குத்து. ஊன்றியது வேர் பிடித்துப் பக்கத்தில் புதுத் தண்டுகள் கிளப்பினால் 'தூர் கட்டுகிறது' என்பார்கள். அறுக்கும்போது கையில் அடங்குவது அரி. அரியைச் சேர்த்தால் கட்டு. கதிரடித்து மிஞ்சிய வைக்கோலைக் குவித்தால் போர். நடுவிலே நிற்கும் 'தூர் கட்டுதல்' என்பதைக் கவனியுங்கள். நட்டது இரண்டு மூன்று நாற்று. நிற்பதோ பத்துப் பதினைந்து தண்டு. விளைச்சலின் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. குவாலா பிலா, ரெம்பாவ் பக்கம் பேருந்தில் போகும்போது வயல் கண்ணில் பட்டால், பிள்ளைகளுக்கு இதைக் காட்டுங்கள்.

தூறாய் நிற்பதும் ஓடிப் பரவுவதும்

பாட்டியிடம் பிறகு ஒரு நாள் உட்கார்ந்து பேசினேன். நான் கேட்ட கேள்வி: லாலாங்குக்கும் தூறு என்று சொல்லலாமா?

"லாலாங்குக்கு ஏது டீச்சர் தூறு? அது மண்ணுக்குள்ள ஓடுற சாதி. இங்க பிடுங்கினா அங்க மொளைக்கும். தூறா நிக்கிறதை ஒரே இழுப்பில எடுத்துடலாம். ஓடுறதை ஒண்ணும் பண்ண முடியாது."

தாவர நூல் சொல்வதும் இதுவேதான். லாலாங் மண்ணுக்கடியில் வெள்ளை நிறத்தில், கூர் நுனியோடு நீளத் தண்டுகளை ஓடவிடுகிறது. மண்வெட்டியால் கொத்தினால் அந்தத் தண்டு துண்டாகும். துண்டு ஒவ்வொன்றும் மறுபடி முளைக்கும். தீ வைத்தால் மேலே உள்ள தாள் கருகும். மண்ணுக்குள் இருப்பது பிழைத்துக்கொள்ளும். பஞ்சு போன்ற வெள்ளைப் பூவிலிருந்து விதை காற்றில் பறக்கும். அதற்கு ஆகாதது ஒன்றே: நிழல். அதனால்தான் இளங்கன்று நட்ட காட்டில் அவரைக் குடும்பத்துக் கொடிகளைப் பரவவிட்டு மண்ணை மூடுகிறார்கள். மரம் வளர்ந்து கிளை கூடி நிழல் விழுந்ததும் லாலாங் தானே ஒடுங்கும்.

மலாய்க்காரர்கள் கொள்கையில் உறுதியில்லாதவரை, காற்றடித்த பக்கம் சாயும் லாலாங் என்பார்கள். தாள் சாயும், உண்மைதான். வேரைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். இந்தப் புல்லின் பெயர் நம் நாட்டு வரலாற்றிலும் ஏறியிருக்கிறது. 1987 அக்டோபர் 27ஆம் நாள் தொடங்கி 106 பேர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கைதான நடவடிக்கைக்கு 'ஒப்பராசி லாலாங்' என்றே பெயர். மனிதர்களைக் களையாக நினைத்து வைத்த பெயர். அதனால்தான் சொல்கிறேன், ஒரு பெயரைச் சூட்டும்போது யாருக்குச் சூட்டுகிறோம் என்று பார்த்துச் சூட்ட வேண்டும்.

தூறாய் நிற்கும் புல்லுக்கு ஓர் எடுத்துக்காட்டு 'சம்பாவ்'. பாதையோரத்திலும் பள்ளித் திடலிலும் தட்டையாகப் படர்ந்து, நடுவில் ஒரே தூரில் பிடித்துக்கொண்டு நிற்கும். இழுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளங்கை சிவந்துவிடும். இது நம் கேழ்வரகுக்கு மிக நெருங்கிய உறவு என்றால் நம்புவீர்களா? இரண்டும் ஒரே பேரினம். கேழ்வரகு தோன்றியதில் சம்பாவுக்கும் பங்கு உண்டு என்பது அறிஞர் கருத்து. கிளைபோசேட் என்னும் களைக்கொல்லிக்கு மடியாத சம்பாவ் 1997ஆம் ஆண்டில் நம் மலேசியாவில்தான் கண்டறியப்பட்டது. பாட்டி இதை எந்த நூலிலும் படித்ததில்லை. "கடைசியில எந்த மருந்துக்கும் அது சாகலை டீச்சர், மறுபடி கையாலதான் பிடுங்கினோம்" என்றார்.

'மருந்து' என்ற ஒரு சொல்

இங்கே இன்னொரு சொல்லையும் நான் பேசாமல் போக முடியாது. புல்லைக் கொல்லத் தெளிப்பதைத் தோட்டத்தில் 'மருந்தடித்தல்' என்கிறோம். நோயைத் தீர்ப்பது மருந்து. உயிரைக் கொல்வதற்கு ஏன் அந்தப் பெயர்?

பழைய காலத்தில் லாலாங்கை அழிக்க சோடியம் ஆர்சனைட் என்னும் கொடிய நஞ்சைத் தெளித்தார்கள். பிறகு பாராகுவாட் வந்தது. முதுகில் தோம்பைச் சுமந்து அதைத் தெளித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். கையில் பட்டால் தோல் புண்ணாகும். நகம் நிறம் மாறி விழும். மூக்கில் இரத்தம் வரும். ஒரு வாய் உள்ளே போனாலும் காப்பாற்ற முறிமருந்து கிடையாது. நம் நாட்டில் 2002ஆம் ஆண்டு இதற்குத் தடை அறிவித்தார்கள். 2006ஆம் ஆண்டு தளர்த்தினார்கள். 2020 ஜனவரி முதல் நாள் தொடங்கி முழுத் தடை அமலுக்கு வந்தது. பாட்டியின் வலது கைக் கட்டைவிரல் நகம் இன்றும் கோணலாகத்தான் இருக்கிறது.

எல்லாரும் மருந்து என்றே சொன்னதால், அதை மருந்தைப் போலவே வீட்டிலும் வைத்தார்கள். மிச்சத்தைப் பானப் போத்தலில் ஊற்றி அடுப்படியில் வைத்த குடும்பங்கள் உண்டு. பிள்ளை என்ன செய்யும்? போத்தலைப் பார்க்கும், குடிக்கும். வாசகர்களே, இந்தப் பக்கத்தில் நான் சொல்வதில் ஒன்றே ஒன்றை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: களைக்கொல்லியை வீட்டில் 'நஞ்சு' என்றே சொல்லுங்கள். பிள்ளைகளின் காதில் அந்தச் சொல்லே விழட்டும். எந்தக் களைக்கொல்லியானாலும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்; பானப் போத்தலில் ஊற்றாதீர்கள். சரியான சொல் சில நேரம் ஓர் உயிரைக் காக்கும்.

செம்பனை மரமா, புல்லா?

கொஞ்சம் இளைப்பாறுவோம். பிள்ளைகளிடம் ஒரு விடுகதை போடுங்கள்: நம் தோட்டத்தில் நிற்கும் செம்பனை, மரமா, புல்லா?

மரம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். தொல்காப்பியரிடம் கேட்டால் புல் என்பார்! தொல்காப்பியத்தின் மரபியலில் இதற்கு ஒரு விதி உண்டு. வெளிப்புறம் வைரம் பாய்ந்திருப்பது புல். உட்புறம் வைரம் பாய்ந்திருப்பது மரம். பனை, தென்னை, மூங்கில் ஆகியவற்றுக்கு வெளியேதான் உறுதி. உள்ளே நாரும் சோறும், அல்லது வெறும் துளை. ஆகவே அவையெல்லாம் புல் இனம். ஓலை, மடல், ஈர்க்கு, பாளை, குலை என்பவை புல் இனத்தின் உறுப்புப் பெயர்கள் என்றும் அவர் வகுத்துவைத்தார். செம்பனை வெட்டுபவர்களே, நீங்கள் 'செம்பனை இலை' என்றா சொல்கிறீர்கள்? ஓலை என்கிறீர்கள். குலை என்கிறீர்கள். தொல்காப்பியரைப் படிக்காமலே அவர் விதிப்படி பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்றைய அறிவியல் பனையைப் புல் குடும்பத்தில் சேர்ப்பதில்லை. ஆனால் இரண்டும் ஒருவித்திலைத் தாவரம் என்ற ஒரே பெரும்பிரிவில் அடங்குகின்றன. மூங்கிலோ அசல் புல் குடும்பமே. 1917ஆம் ஆண்டு இந்நாட்டில் முதன்முதலாக வணிக முறையில் செம்பனை நட்ட தோட்டம் சிலாங்கூரில் இருக்கிறது. அதன் பெயர் தென்னமரம்! பால்மரம் உள்வைரம் கொண்டது, அது மரம். பால்மரத்தை வெட்டிச் செம்பனையை நட்டபோது, தொல்காப்பியர் கணக்கில் நம் தோட்டங்கள் மரத்திலிருந்து புல்லுக்கு மாறிவிட்டன.

தூற்றைப் பிரித்து நடுதல்

மீண்டும் செராய்க்கு வருவோம். மலாயில் 'ரும்புன்' என்பது தூறு. அதே சொல்லிலிருந்து 'செரும்புன்' என்று எடுத்து, ஒரே வேரில் வந்த உறவினத்தாரைக் குறிக்கிறார்கள். மொழிக் குடும்பத்துக்கும் அவர்களிடம் 'ரும்புன்' என்றுதான் பெயர். உறவைச் சொல்ல அவர்களுக்குப் புல் நினைவுக்கு வந்தது.

நமக்கும் அப்படித்தான். திருமணத்தில் பெரியவர்கள் மணமக்களை வாழ்த்தும்போது ஆலையும் அறுகையும் மூங்கிலையும் சொல்லி வாழ்த்துவார்கள். மூன்றில் இரண்டு புல்! ஆல் தழைப்பதற்கு. அறுகு, கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடுவதற்கு. மூங்கில் எதற்கு? சுற்றத்துக்கு. மூங்கில் தனியாய் நிற்பதில்லை. பழையது நடுவில் நிற்க, புதுக் குருத்து அதை ஒட்டியே கிளம்பும். அது ஒரு தூறு.

நம் குடும்பங்களும் அப்படித்தான் லயத்தில் நின்றன. அண்ணன் வீட்டுக்கு அடுத்தது தம்பி வீடு, எதிரே சித்தப்பா வீடு. இன்று சிரம்பானைச் சுற்றியும் நீலாயிலும் பால்மரமும் செம்பனையும் நின்ற பல இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. செம்பனைக் காட்டில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம்மவர்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பிரிந்து போனார்கள். விரும்பிப் போனவர்கள் உண்டு. போகச் சொல்லி அனுப்பப்பட்டவர்கள் அதைவிட உண்டு. இதைப் பாட்டியிடம் சொல்லி வருத்தப்பட்டேன். அவர் வருத்தப்படவில்லை.

"செராய்த் தூத்தைப் பிரிக்கத்தான் டீச்சர் வேணும். பிரிக்காம விட்டா நடுவில காஞ்சிடும். ஆனா பிரிக்கிறப்ப ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் வேர் ஒட்டியிருக்கணும். வேரில்லாம இணுங்கி எடுத்தா அது கறிக்குத்தான் ஆகும்."

வாசகர்களே, இதற்கு மேல் நான் எழுத என்ன இருக்கிறது? பிரிந்து போவது தவறில்லை. கொஞ்சம் வேரோடு போக வேண்டும். அந்த வேர்களில் ஒன்று, வீட்டில் பேசும் சொல். அந்தப் பையனுக்கு அது பாட்டி வாயிலிருந்து வந்தது. நம் மாநிலத்து மலாய் அண்டை வீட்டார் 'அடாட் பெர்பாத்தே' வழக்கப்படி குலத்தைத் தாய்வழியில் கொண்டுபோகிறார்கள். நம் சொற்களும் பெரும்பாலும் அப்படித்தான் வந்திருக்கின்றன. அதை வெட்டிவிட ஒரு சொட்டுச் சிவப்பு மை போதும் என்பதை நான் நேரில் கண்டேன். என் போன்ற ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தெரியாத சொல்லைக் கண்டால் அடிப்பதற்கு முன்னால், "இதை யாரிடம் கேட்டாய்?" என்று பிள்ளையிடம் கேளுங்கள்.

இதைச் செய்து பாருங்கள்

பிள்ளைகளோடு உட்கார்ந்து கீழே உள்ள இடங்களை நிரப்புங்கள். கட்டு, தூறு, தூர், குத்து, பத்தை ஆகிய ஐந்தும் ஒவ்வொரு முறை வரும்.

1. வீட்டுக்குப் பின்னால் ஒரு ...... செராய் நிற்கிறது.
2. சந்தையில் ஒரு ...... கீரை வாங்கினேன்.
3. மழை பெய்ததும் பயிர் நன்றாகத் ...... கட்டியது.
4. ஒரு ...... இடத்தில் மூன்று நாற்று வைத்து நட்டார்கள்.
5. அதோ அந்த லாலாங் ...... பக்கம் போகாதே, தாள் கையைக் கிழிக்கும்.

விடை: தூறு, கட்டு, தூர், குத்து, பத்தை.

இன்னொரு பயிற்சியும் உண்டு. அதற்கு விடை என்னிடம் இல்லை, உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. இன்றிரவு சாப்பிட்டு முடித்ததும் வீட்டில் மூத்தவர் ஒருவரிடம், "அந்தக் காலத்தில் காட்டில் இருந்த புல்லுக்கெல்லாம் என்ன பெயர் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். சொல்வதை அப்படியே எழுதி வையுங்கள். 'ர'வா, 'ற'வா என்ற கவலை வேண்டாம். எழுத்தைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். சொல் போய்விட்டால் அதைத் திருப்பிக் கேட்க ஆள் இருக்கமாட்டார்.

அந்தப் பாட்டி எனக்கும் ஒரு பிடி செராய் கொடுத்தனுப்பினார், தூரில் வேர் ஒட்டியதாகப் பார்த்து. பள்ளித் தோட்டத்தில் பிள்ளைகளோடு நட்டேன். இப்போது பக்கத்தில் நான்கு புதுக் குருத்துகள் வந்துவிட்டன. தூறாகிக்கொண்டிருக்கிறது.

அடுத்த மாதம் வேறொரு சொல்லோடு சந்திப்போம்.